ஏழு வருட வறட்சிக்குப் பிறகு

எங்கள் களுவாஞ்சிக்குடியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கிழக்கில் அதைப் பார்க்க திருகோணமலை சீனன்குடாவுக்குப் போகவேண்டும். ஆனாலும் ஓட்டம் எடுக்காத துடுப்பாட்ட வீரரைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி அந்த விளையாட்டிலும் உண்டு: இவர் இனி எழும்புவாரா?

ஓட்டவீரர் மில்கா சிங்கின் மகனான கோல்ஃப் வீரர் ஜீவ், 1999க்குப் பிறகு மணிக்கட்டுக் காயத்தால் தடுமாறினார். ஏழு வருடம் ஒரு பட்டமும் இல்லை. 2006 ஏப்ரலில் சீனாவில் வென்றார். ஒக்டோபரில் ஸ்பெயினில் வொல்வோ மாஸ்டர்ஸ், அடுத்து ஜப்பானில் இரண்டு!

அர்ஜுன் அத்வால் கதை இன்னும் விசித்திரம். 2010இல் அமெரிக்க பிஜிஏ தொடரில் ஆடும் உரிமையை இழந்தவர், சில வாரங்களில், திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி விண்டம் போட்டிக்குள் நுழைந்தார். அந்த ஞாயிறே கிண்ணம் அவர் கையில். அத்தொடரில் வென்ற முதல் இந்தியர் அவர்தான். இதை எந்தச் சாத்திரியார் முன்கூட்டிச் சொல்லியிருப்பார்?

டேவிட் டுவால் மறுபக்கம். 1999இல் உலகின் முதல்நிலை வீரர், 2001இல் பிரித்தானிய ஓப்பன் சம்பியன். அதற்குப் பிறகு அமெரிக்கத் தொடரில் வெற்றியே இல்லை. 2009 அமெரிக்க ஓப்பனில் இரண்டாமிடம் வரை வந்தும் கைகூடவில்லை.

ஒரு வீரர் மீண்டும் எழும்புவாரா என்று கணிப்பவர்கள் அவரது அடிகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். குழிக்கருகே பந்தை உருட்டும் அடி வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அது கெட்டால் பெரிதாகப் பயமில்லை. தூர அடி தொடர்ந்து பிசகினால்தான் சந்தேகம். டுவாலுக்குத் திசை தப்பியதும் தூர அடியில்தான்.