நிலவின் கனிமம் யாருக்கு? நாமக்கல் பாறையிலிருந்து எழும் உரிமைக் கேள்வி

ஜலகண்டாபுரத்திலிருந்து தெற்கே சங்ககிரி, திருச்செங்கோடு கடந்து சென்றால் சித்தம்பூண்டி வருகிறது. அவ்வூரிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்களின் துணையோடு அப்பாறையைப் பொடித்து, இஸ்ரோ செயற்கை நிலவு மண்ணை உருவாக்கியது. சந்திரயான்-2 திட்டத்தின் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க அம்மண் பயன்பட்டது. அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமை பெற்றது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது சேலம், நாமக்கல் மாவட்ட மக்கள் அடைந்த பெருமிதத்தில் நியாயம் உண்டு.

தரையிறங்கியதற்கு அடுத்த கட்டமாக இப்போது பேசப்படுவது, விண்ணில் கனிமம் எடுப்பது. பெருகும் மக்கள்தொகைக்குப் பூமியின் வளம் போதாது, எனவே நிலவையும் சிறுகோள்களையும் நாடவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நிலவுரிமைக்காக நீதிமன்றப் படியேறும் நமக்கு இதில் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றே: எடுக்கப்படும் வளம் யாருடைய உடைமை?

போதாமை எங்கிருந்து வருகிறது?

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியது. ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 2080களின் நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 1,030 கோடியாகி, பின்னர் மெல்லக் குறையத் தொடங்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்கில், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. ஆக, இப்பெருக்கம் முடிவற்றதன்று.

நிலக்கணக்கைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 16.6 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் பயிரிடும் பரப்போ மொத்தத்தில் சுமார் 9 விழுக்காடு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்களை முதல் பத்தாண்டுகள் கைமாற்றக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே தரலாம் என்பது நிபந்தனை. அந்நிபந்தனையை மீறிப் பிறர் கைக்குச் சென்ற நிலங்களை மீட்க இன்றும் போராடுகிறோம். நம் மக்களின் நிலமின்மைக்குப் பூமியின் பரப்பளவு காரணமன்று.

விண்ணிலிருந்து இதுவரை வந்துள்ளதையும் அளந்து பார்க்கலாம். ஆறு அப்பல்லோ தரையிறக்கங்கள் கொண்டுவந்த நிலவுப் பொருள் 382 கிலோ. பெண்ணு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் நாசாவின் கலம் கொண்டுவந்தது 121.6 கிராம். நிலவின் துருவப் பள்ளங்களில் உள்ள பனிக்கட்டி, அங்கு தங்குவோரின் குடிநீராகவும் உயிர்வளியாகவும் ராக்கெட் எரிபொருளாகவுமே முதலில் பயன்படும். சரபங்கா வடிநிலத்தின் வறண்ட ஏரிகளை அது நிரப்பப் போவதில்லை. செயற்கைக்கோள்களால் புயல் எச்சரிக்கை முதல் தொலைத்தொடர்பு வரை நாம் அடைந்த பயன் பெரிது. விண்சுரங்கத்தின் பயனும் அப்படியே எல்லோரையும் வந்தடையும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

சட்டம் சொல்வது

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நலனுக்காகவே என்கிறது. எந்த நாடும் விண்பொருளைத் தனதாக்கிக்கொள்ளவும் தடை விதிக்கிறது. 1979ஆம் ஆண்டின் நிலவு உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, நிலவின் வளத்தை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்து, பயன்களை நியாயமாகப் பகிரவேண்டும் என்றது. இருபதுக்கும் குறைவான நாடுகளே அதில் உறுப்பினராக உள்ளன. இந்தியா 1982இல் கையொப்பமிட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

2015இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், எடுத்த விண்வளத்தை வைத்திருக்கவும் உடைமையாக்கவும் கொண்டுசெல்லவும் பயன்படுத்தவும் விற்கவும் தன் குடிமக்களுக்கு உரிமை தந்தது. 2023 ஜூனில் இந்தியா ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இணைந்தது. வளம் எடுப்பது தன்னளவில் நாட்டுரிமை கோருவதாகாது என்பது அவ்வுடன்பாட்டின் நிலைப்பாடு. அதே ஆண்டு வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, அமெரிக்கச் சட்டத்தின் அந்த ஐந்து வினைகளையும் தனியார் நிறுவனங்களுக்கு அப்படியே வழங்கியிருக்கிறது. பயன் பகிர்வு என்னும் ஆறாவது வினை அதனுடன் சேர்க்கப்படவில்லை.

'எல்லோருக்கும் திறந்தது' என்ற சொல்லின் எல்லையை நாம் அறிவோம். பொதுநிதியில் பராமரிக்கப்படும் குளங்கள் தீண்டத்தகாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் 1924இல் சவதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று பருகும் வரை, அந்நீர் நம்மவர் கைக்கு எட்டவில்லை. அதன்பின் வழக்கு நடந்து, உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. ஏட்டில் பொதுவாக இருப்பதை, அதை அடையும் வழி உள்ளவரே அனுபவிப்பர். விண்வெளியில் அந்த வழி ராக்கெட்டும் மூலதனமும்.

நாம் கேட்க வேண்டியவை

அரசமைப்புச் சட்டத்தின் 39(ஆ) பிரிவு, சமூகத்தின் பொருள்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொதுநலனுக்கு உதவும் வகையில் பகிரப்படவேண்டும் என்கிறது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டமும், சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைத்து, குத்தகைதாரர் அதற்குப் பங்களிக்க வேண்டும் என்று விதித்தது. மண்ணில் எடுக்கும் கனிமத்துக்கு இருக்கும் இக்கடப்பாடு, மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவைக்கொண்டு விண்ணில் எடுக்கும் கனிமத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது, வேலை. அரசுப் பணி நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு. 2020க்குப் பின் விண்வெளித் துறைக்குள் வந்த தனியார் நிறுவனங்களுக்கு அக்கடப்பாடு இல்லை. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கையை ஏற்றுச் சலுகைகளை அறிவித்துள்ளது. பொதுப்பணத்தில் சலுகை பெறும் நிறுவனம், பணியமர்த்தலில் சமூகப் பிரதிநிதித்துவத்தைக் காட்டவேண்டும் என்று கோருவது நியாயமே.

2017இல் மைய அரசு வெளியிட்ட விண்வெளிச் செயல்பாடுகள் சட்டமுன்வரைவு இன்னும் சட்டமாகவில்லை. புதிய வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும் நாளில் பயன் பகிர்வு, பங்களிப்பு நிதி, பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாக வலியுறுத்தும் மனுக்கள் கல்லூரி விடுதிகளிலிருந்தும் இயக்க அலுவலகங்களிலிருந்தும் செல்லவேண்டும். பஞ்சமி நிலத்தை நூறாண்டுகளுக்குப் பின் தேடி அலைகிறோம். நிலவின் பட்டா எழுதப்படும்போதே நாம் அங்கு இருக்கவேண்டும்.