ஒரு மீன் மூளையின் வரைபடம்

வீட்டு மீன்தொட்டிகளில் ஸீப்ரா மீனைப் பார்த்திருப்பீர்கள். உடல் நெடுக நீல வரிகள். கங்கைச் சமவெளியின் நீரோடைகளில் வாழும் நம்மூர் மீன் இது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இதன் குஞ்சின் உடல் கண்ணாடிபோல் தெளிவானது. அதன் மூளையிலுள்ள ஏறத்தாழ 1 லட்சம் நரம்புச் செல்களை, குஞ்சு உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் காணலாம்.

ஆனால், இரு ஆய்வகங்கள் வெவ்வேறு மீன்களில் கண்டது மூளையின் ஒரே இடத்தைத்தானா? இதைச் சரிபார்க்கவே பொது வரைபடங்கள் வந்தன. பல மீன்களின் மூளைப் படங்களைக் கணினியில் நீட்டி, வளைத்து, ஒரு பொது மாதிரி மூளையின்மேல் பொருத்துகிறார்கள். ஹார்வர்டில் உருவாகி 2015-இல் வெளிவந்த ‘இசட்-பிரெய்ன்’ வரைபடம் 294 பகுதிகளைக் குறித்தது. 2019-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2,000 தனித்தனி நரம்புச் செல்களின் வடிவங்களை வெளியிட்டார்கள்.

திருவனந்தபுரத்திலுள்ள ஒரு கல்லூரி மாணவி இவற்றை இணையத்தில் கட்டணமின்றித் திறந்து, ஒரு மீன்கூட வளர்க்காமல் ஆய்வைத் தொடங்கலாம். எவ்வளவு பெரிய கொடை இது! சென்னை ஐஐடியும் 2024-இல் இத்தகைய கொடையை அளித்தது. கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுப்படங்கள் கொண்ட ‘தரணி’ தொகுப்பை அது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.