சமநிலையா, நடுநிலையா? – இணையக் கொள்கைப் பரப்புரையும் ஒரு தமிழ்க் கலைச்சொல்லும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 27.03.2015 அன்று 118 பக்க ஆலோசனை அறிக்கையொன்றை வெளியிட்டு, 20 வினாக்களுக்குக் கருத்துக் கோரியது. ஆங்கிலத் தொழில்நுட்பச் சொற்கள் செறிந்த அதனைப் பொதுமக்கள் படிப்பர் என எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. ஆயினும் ஒரு மாதத்திற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்தைச் சென்றடைந்தன. தன்னார்வலர்கள் அறிக்கையைச் சுருக்கி, வினாக்களுக்கு மாதிரி விடைகளும் எழுதி இணையத்தில் இட்டனர். ஏஐபி நகைச்சுவைக் குழுவின் காணொலி ஏப்ரலில் சமூக ஊடகங்களில் பரவியது. கொள்கைமொழி உரையாடல்மொழியாக மாறியதே இவ்வெழுச்சியின் அடிப்படை எனலாம்.

இம்மாற்றம் தமிழில் நிகழ்ந்தபோது சொல்லொன்று இடறியது. டிம் வூ என்னும் சட்டப் பேராசிரியர் 2003இல் வழங்கிய 'நெட் நியூட்ராலிட்டி' என்பதைத் தமிழ் ஊடகங்கள் ஒலிபெயர்த்தும் 'இணையச் சமநிலை' என மொழிபெயர்த்தும் ஆண்டன. 'இணைய நடுநிலை' என்பதும் வழக்கில் உண்டு. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல.

கருத்தின் வேர் பொதுச் சுமைகாவல் நெறியில் உள்ளது. சேலம் சூரமங்கலத்திலுள்ள சந்திப்பு நிலையத்திலிருந்து சரக்கு அனுப்பும் இருவருள் ஒருவருக்கு மட்டும் முறையற்ற சலுகை காட்டுதலை 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 70ஆம் பிரிவு தடுக்கிறது. இருவரின் சரக்கும் சமமாதல் வேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. சுமப்பவர் ஒருபக்கம் சாய்தல் கூடாது என்பதே அதன் கருத்து. திருக்குறளின் 12ஆம் அதிகாரமான 'நடுவு நிலைமை' துலாக்கோலை உவமையாக்குவதும் இந்நோக்கில்தான். அங்கும் கடமை கோலுக்கு உரியது, நிறுக்கப்படும் பொருளுக்கு அன்று. 'சமநிலை' இக்கடமையை மறைத்துவிடுகிறது. அனைவருக்கும் ஒரே அளவு இணையம், ஒரே வேகம் என்றும் அதனைக் கேட்போர் பொருள்கொள்ளக்கூடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2015 டிசம்பரில் டிராய் வேறுபட்ட கட்டணம் குறித்து மீண்டும் கருத்துக் கேட்டபோது, முகநூல் நிறுவனம் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்திற்கு ஆதரவு திரட்டியது. தேர்ந்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காட்டும் அத்திட்டத்தை அது முன்னிறுத்திய முழக்கமே 'எண்மச் சமத்துவம்' என்பதாகும். 'சமம்' என்னும் அடியை ஏற்ற தமிழ் வாசகர்க்கு இரு தரப்பும் ஒன்றையே கோருவதுபோல் தோன்றியிருத்தல் இயல்பே. முகநூலின் ஆயத்த மடல்களில் பெரும்பாலானவை ஆணையம் கேட்ட வினாக்களுக்கு விடை கூறாமல், திட்டத்திற்கு ஆதரவை மட்டுமே தெரிவித்தன. ஆணையம் இக்குறையைச் சுட்டியது. ஏப்ரல் பரப்புரையிலும் ஆயத்த மடல்கள் உண்டு. ஆனால் அவை வினாவைப் பின்பற்றி எழுதப்பட்டவை. இவ்வேறுபாடு பரப்புரை ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை.

08.02.2016 அன்று வெளியான ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணம் வேறுபடுவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000, உச்ச அளவாக ரூ.50 இலட்சம் தண்டம். அதன் தலைப்பில் சமநிலையும் இல்லை, நடுநிலையும் இல்லை. 'பாகுபாட்டுக் கட்டணத் தடை' என்பதே உள்ளது. தடுக்கப்படும் செயலைச் சட்டம் நேரே பெயரிட்டது. தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் 'இணைய நடுநிலை'யைத் தலைச்சொல்லாகக் கொண்டு, 'பாகுபாடின்மை'யை அதன் விளக்கத்தில் சேர்த்தல் தகும்.