சாம்பல் நிறக் கற்களுள் பிஸ்மத்தை அறிதல்

மட்டாஞ்சேரி போன்ற பழைய அங்காடிகளின் மருந்துச் சரக்குகளில் அஞ்சனக்கல்லும் ஒன்று. அது ஆன்டிமனி சல்ஃபைடான ஸ்டிப்னைட் என்பது பொதுக் கருத்து. ஆயினும், கண்மைகள் பலவற்றை ஆராய்ந்தபோது ஈய சல்ஃபைடாகிய கலீனாவே காணப்பட்டது. ஈயம் குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. ஆதலின் பெயரை நம்பிக் கல்லைத் துணிதல் தகாது.

இவ்விரண்டையும் ஒத்த மூன்றாவது கனிமம் பிஸ்மத்தினைட். பூமியின் ஆழத்திலிருந்து எழும் வெந்நீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் படிவிக்கும் இம்மூன்றும் சாம்பல் நிறமும் உலோகப் பளபளப்பும் மென்மையும் உடையவை. கலீனா கனசதுரத் துண்டுகளாக உடையும். அதன் ஒப்படர்த்தி 7.5. ஏனைய இரண்டும் ஊசி வடிவின. ஸ்டிப்னைட்டின் ஒப்படர்த்தி 4.6, பிஸ்மத்தினைட்டினது 6.8. வெண்கல் முதலியன ஒட்டாத தூய துண்டையே நீரில் நிறுத்தல் வேண்டும்.

அடுத்து, கனிமப் பொடியுடன் பொட்டாசியம் அயோடைடும் கந்தகமும் கலந்து, கரித்துண்டின்மேல் ஊதுகுழலால் சுடுக. பிஸ்மத் செந்நிறப் படிவையும், ஈயம் மஞ்சள் படிவையும் தரும். புகை நச்சுடையதாதலின் இதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில், ஆசிரியரே செய்துகாட்டல் நன்று.

ஈயமும் பிஸ்மத்தும் கூடிய கோசலைட், அவற்றுடன் செம்பும் சேர்ந்த ஐக்கினைட் ஆகிய அரிய கனிமங்களை இச்சோதனைகளால் முடிவுசெய்ய இயலாது. தாது நுண்ணோக்கியும் எலெக்ட்ரான் நுண்பகுப்பாய்வுமே அவற்றைப் பிரித்தறியும். எனவே ஐயத்திற்குரிய துண்டை, எடுத்த இடத்தைக் குறித்து, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதே களப்பணியாளரின் கடமையாகும்.