மென்மைக்கு அடியில் ஓடும் தாளம்

ஜாஸில் ஊறிப்போன ஒருவரிடம் ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார். லிஃப்டிலும் நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையிலும் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிற சாக்ஸபோன்தானே, அதை வேறு உட்கார்ந்து கேட்க வேண்டுமா என்பார். அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. இந்தப் பெயரில் வந்தவற்றில் பெரும்பகுதி பின்னணிக்கென்றே செய்த சரக்குதான். ஆனால் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1970களின் நடுவில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுக்குள் வெளியான சில ஆல்பங்கள் இருக்கின்றன. மேலே மிதக்கும் சாக்ஸபோனைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அடியில் ஓடும் டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் பிடித்துக்கொண்டு அவற்றைக் கேட்டால், மென்மை வெறும் மேல்பூச்சுதான் என்பது தெரிந்துவிடும்.

ஜார்ஜ் பென்சனின் ‘ப்ரீஸின்’ (1976) முதலில் கேட்க வேண்டியது. பென்சன் அப்போது புதுமுகம் இல்லை. மைல்ஸ் டேவிஸின் 1968ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றிலேயே கிட்டார் வாசித்தவர். ‘ப்ரீஸின்’ ஆல்பத்தில் மொத்தம் ஆறே உருப்படிகள். அதில் ஒன்றில் மட்டும்தான் பாடுகிறார்: லியான் ரஸ்ஸல் எழுதிய ‘திஸ் மாஸ்கரேட்’. எட்டு நிமிடப் பாட்டு. கிட்டார் நரம்பு எந்த ஸ்வரத்தைத் தொடுகிறதோ அதே ஸ்வரத்தைக் குரலும் அதே நொடியில் தொடும்படி, சொற்களே இல்லாமல் இழைந்துகொண்டு ஆரம்பிக்கிறது. நம் கச்சேரிகளில் பாடகரை நிழல்போலத் தொடரும் வயலினைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் புதிதாக இருக்காது. இங்கே இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் வித்தை. நடுவில் ஹோர்ஹே டால்ட்டோவின் பியானோ வருகிறது. வானொலிக்குச் சுருக்கிய வடிவத்தைக் கேட்காமல் முழுசாகக் கேட்கச் சொல்வது அதற்காகத்தான். ஆல்பம் அமெரிக்காவில் பாப், ஆர் அண்ட் பி, ஜாஸ் என மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. இந்தப் பாட்டுக்கு ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமியும் கிடைத்தது.

இதில் டிரம்ஸ் வாசித்தவர் ஹார்வி மேசன். மூன்றாண்டு முன்பு ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தில் தரையையே அதிர வைத்த அதே மனிதர். க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘மிஸ்டர் மேஜிக்’ (1975) ஆல்பத்திலும் அவர்தான். ஆக, அதிரடிக்கும் மென்மைக்கும் ஒரே கைதான் தாளம் போட்டிருக்கிறது. ‘ப்ரீஸின்’ தலைப்பு உருப்படியில் அந்தக் கை எவ்வளவு அடக்கி வாசிக்கிறது என்பதைக் கவனியுங்கள். வேகமாக அடிப்பதைவிட அது கஷ்டம்.

இனி ‘வைன்லைட்’ (1980). பிலடெல்ஃபியாவில் குடியேறி அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பம். பில் விதர்ஸ் பாடிய ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ இதில்தான் இருக்கிறது. 1981இல் அமெரிக்க பாப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறிய பாட்டு. இன்றைக்கும் எத்தனையோ காபிக் கடைகளில் ஒலிக்கிறது. பலர் இதைப் பில் விதர்ஸின் பாட்டு என்றே நினைக்கிறார்கள். ஆல்பத்தில் இருப்பது ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் வடிவம். பாடல் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் இசை தொடர்கிறது. திடீரென்று தகரத்தில் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு கருவி உள்ளே வருகிறது. அது ராபர்ட் க்ரீனிட்ஜ் வாசிக்கும் ஸ்டீல் பேன், டிரினிடாட் தீவின் வாத்தியம். நியூயார்க் ஸ்டூடியோ இசைக்குள் கரீபியன் கடல் எப்படிப் புகுந்தது? ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும், இந்தப் பாட்டை எழுதிய மூவரில் ஒருவருமான ரால்ஃப் மெக்டொனால்டின் பூர்வீகம் டிரினிடாட். தாளக்கருவிக் கலைஞரான அவர் ‘ப்ரீஸின்’ ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார்.

‘வைன்லைட்’டில் டிரம்ஸ் ஸ்டீவ் காட், பேஸ் மார்கஸ் மில்லர். தலைப்பு உருப்படியை ஒருமுறை மில்லரின் பேஸுக்காக மட்டும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அது காதில் விழாது. நல்ல ஹெட்போன் வேண்டும்.

இதே காட், இதே மில்லர் ‘டபுள் விஷன்’ (1986) ஆல்பத்துக்கும் அடித்தளம். கீபோர்டில் பாப் ஜேம்ஸ், ஆல்டோ சாக்ஸபோனில் டேவிட் சான்பார்ன். ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததும் ஆல்டோதான். அவரிடம் கமகமாக வழுக்கிக்கொண்டு போகிற ஓசை, சான்பார்னிடம் தொண்டை கம்மிய அழுகையாக வெடிக்கும். சின்ன வயதில் போலியோ தாக்கி, நுரையீரலுக்கு வலு சேர்க்கத்தான் அவர் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். முதல் உருப்படியான ‘மபுடோ’ மில்லர் எழுதியது. அதில் மெட்டு மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் சான்பார்ன் ஓரிடத்திலும் சாய்ந்து உட்காருவதில்லை. ஸ்மூத் ஜாஸ் என்ற முத்திரையை அவர் வெறுத்ததில் ஆச்சரியமில்லை. 2024 மே மாதம் காலமானார்.

அந்த முத்திரையை ஊரெங்கும் ஒட்டியது வானொலி. 1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பழைய ராக் வானொலி நிலையம் ‘த வேவ்’ என்று உருமாறியது. அதே ஆண்டு அந்தப் பாணி சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ என்று பரவியது. விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே யாரையும் தொந்தரவு செய்யாத இசை வேண்டும் என்பது கணக்கு. கென்னி ஜியின் ‘சாங்பேர்ட்’ அந்த 1987இல்தான் பாப் பட்டியலில் நான்காமிடம் வரை போனது. அவரை மட்டம் தட்டுவது ஜாஸ் உலகில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. நான் அதில் சேரவில்லை. அவரிடமிருந்து தொடங்காதீர்கள், அவ்வளவுதான். நியூயார்க்கில் 2008லும் சிகாகோவில் 2009லும் அந்த வகை நிலையங்கள் பாட்டை மாற்றிக்கொண்டன.

வானொலி கைவிட்டதை ஹிப்ஹாப் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. பாப் ஜேம்ஸின் ‘ஒன்’ (1974) ஆல்பத்தின் கடைசியில் ‘நாட்டிலஸ்’ என்று ஓர் உருப்படி. இட்ரிஸ் முகமதுவின் டிரம்ஸ் அதில் அப்படி ஒரு நடை நடக்கும். ரன் டிஎம்சியிலிருந்து கோஸ்ட்ஃபேஸ் கில்லா வரை அதை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடியில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் ஆள்தான் பியானோ கலைஞர் ராபர்ட் க்ளாஸ்பர். அவருடைய ‘பிளாக் ரேடியோ’ (2012) ஆல்பத்தில் எரிக்கா படு ‘ஆஃப்ரோ ப்ளூ’வைப் பாடுகிறார். மோங்கோ சான்டமரியா எழுதி, ஜான் கோல்ட்ரேன் புகழ்பெறச் செய்த ஜாஸ் உருப்படி அது. கிறிஸ் டேவின் டிரம்ஸ் இங்கே வேண்டுமென்றே ஒரு மயிரிழை தள்ளாடுகிறது, பழைய தட்டிலிருந்து வெட்டி ஒட்டிய தாளம்போல. கிராமிக்காரர்கள் 2013இல் அந்த ஆல்பத்துக்கு விருது கொடுத்தார்கள், ஆர் அண்ட் பி பிரிவில்.