ஒற்றை நூலில் ஒரு கவிமாடம்

பழைய பனியன் ஒன்றின் கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல்; நீளாது. பலமாக இழுத்தால் அறுந்துபோகும். அதே பனியனைக் குறுக்கே இழுங்கள். தாராளமாக விரிந்து கொடுக்கும், விட்டதும் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். நீளாத நூலால் செய்த துணி எப்படி நீள்கிறது?

அந்தத் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். வெளிப்புறத்தில் ‘வி’ வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக இறங்கும். உட்புறத்தைத் திருப்பினால் சின்னச் சின்ன வளைவுகள் குறுக்கு வரிசையாகத் தெரியும். திருப்பூரில் இதைச் சிங்கிள் ஜெர்சி என்பார்கள். வேட்டியில் பாவும் ஊடையும் நேராக ஓடி ஒன்றையொன்று கடக்கின்றன. வேட்டியை இழுக்கும்போது நேரான நூலைத்தான் இழுக்கிறோம், அது இடம் கொடுப்பதில்லை. பனியன் துணியில் நேராக ஓடும் நூலே கிடையாது. நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது, அந்தக் கண்ணிக்குள் அடுத்த வரிசையின் கண்ணி நுழைகிறது, அதற்குள் அதற்கடுத்தது. இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளைவு நிமிர்கிறது. விட்டால் வளைவு திரும்புகிறது. நீட்சி நூலில் இல்லை, நூல் போன வழியில் இருக்கிறது.

இந்த எளிய உண்மையின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் பனியனை விட்டுவிட்டுக் கையால் பின்னிய ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்துக்கொள்ள வேண்டும். பனியனை இயந்திரம் குழாயாகப் பின்னித் தருகிறது; பிறகு வெட்டித் தைக்கிறார்கள். கைக்குல்லாவில் கத்தரிக்கு வேலையே இல்லை. துணியும் உருவமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. நடுத்தரத் தடிமனுள்ள நூலில் பெரியவர் ஒருவருக்கான குல்லாவுக்கு ஏறத்தாழ 5,000 கண்ணிகள் தேவை. ஒரு கண்ணிக்குச் சுமார் 2 செ.மீ. என்று கொண்டால் 100 மீட்டர் நூல். அவ்வளவும் ஒரே இழையாக இருக்கலாம். கடைசி நுனியை உருவி இழுத்தால் குல்லா முழுதும் அவிழ்ந்து மறுபடி நூலாகிவிடும். நடுவில் எங்கேயும் முடிச்சு கிடையாது. ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து நிறுத்துவது அதன் அக்கம்பக்கத்துக் கண்ணிகளும் நூலுக்கு நூல் உள்ள உராய்வும் மட்டும்தான்.

பின்னலில் அடிப்படை அசைவுகள் இரண்டே இரண்டு: நிட், பர்ல். கண்ணியைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட், முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். ஒரு நிட் கண்ணியைத் துணியின் மறுபுறத்திலிருந்து பார்த்தால் அது பர்ல். ஆனால் இவற்றை எந்த வரிசையில் மாற்றி மாற்றிப் போடுகிறோம் என்பதில் துணியின் குணமே மாறிவிடும். எல்லாக் கண்ணியையும் ஒரே பக்கம் இழுத்தால் துணியின் ஓரம் சுருளும். பனியனின் கை ஓரத்தை வெட்டிவிட்டால் சுருண்டுகொள்வதை வீட்டிலேயே பார்க்கலாம். வளைக்கப்பட்ட ஒவ்வொரு நூலும் நிமிரப் பார்க்கிறது. எல்லாம் ஒரே திசையில் வளைந்திருப்பதால் அந்தச் சிறு விசைகள் சேர்ந்து ஓரத்தை உருட்டிவிடுகின்றன. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பத்தி பத்தியாக மாற்றிப் போட்டால் ஒன்றின் விசையை மற்றொன்று ஈடுகட்டும், சுருளாது. அதோடு நிட் பத்திகள் முன்னால் எழும்ப, பர்ல் பத்திகள் பின்னால் ஒதுங்க, துணி விசிறி மடிப்பாகச் சுருங்கி நிற்கும். இதுதான் ரிப். டீ-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியும் குல்லாவின் நெற்றிப் பட்டியும் ரிப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு, நிட், பர்ல் அடுக்கை மாற்றுவதால் மட்டும் துணியின் இழுவை எப்படி மாறுகிறது என்று சோதனையும் கணினி மாதிரியும் செய்து 2024-இல் வெளியிட்டது. பின்னுகிறவர்கள் விரலால் அறிந்து வைத்திருந்த ஒன்றுக்கு இப்போதுதான் சமன்பாடு கிடைக்கிறது.

இந்த இழுவையை நம்பித்தான் குல்லாவின் அளவே போடப்படுகிறது. 56 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு 56 செ.மீ. குல்லா பின்னினால் அது கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கும். 48 செ.மீ.க்குப் பின்ன வேண்டும். விரிந்து, திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் குல்லாவைத் தலையில் நிறுத்துகிறது.

குல்லாவின் உச்சிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தலை வளைந்தது, துணி தட்டையானது. தட்டையான ஒன்றைச் சுருக்கமோ கிழிசலோ இழுவையோ இல்லாமல் பந்தின் மேல் பொருத்த முடியாது என்பது ஜெர்மன் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. கதர்த் துணியில் தைக்கும் காந்தி குல்லா படகு வடிவில் மடிந்து நிற்பதற்கும், துணித் தொப்பிகளை முக்கோணத் துண்டுகளாக வெட்டிச் சேர்ப்பதற்கும் பின்னால் இந்தக் கட்டாயம் இருக்கிறது. பின்னுகிறவரோ வெட்டுவதில்லை. உச்சி நெருங்கும்போது இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, சுற்றில் உள்ள எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறார். எத்தனை குறைப்பது? பின்னல் புத்தகங்களில் அடிக்கடி காணும் விதி: ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 8 கண்ணி.

இந்த 8 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு கண்ணியின் அகலம் 5 மி.மீ., உயரம் ஏறத்தாழ 3.6 மி.மீ. தட்டையான ஒரு வட்டத்தில் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஒரு வரிசை நகர்ந்தால் ஆரம் 3.6 மி.மீ. குறையும். சுற்றளவு அதைப்போல் 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 22 மி.மீ. குறைய வேண்டும். 22 மி.மீ. என்பது நாலரைக் கண்ணி. இரண்டு சுற்றுக்கு ஒன்பது. எட்டு என்பது அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வசதியான எண். சுற்றை எட்டுச் சம பங்காகப் பிரிப்பது எளிது. ஆக அந்தப் பழைய கைவிதிக்குள் π உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத பின்னல்காரர்களும், குறைப்பது பத்தாவிட்டால் உச்சி கூம்பாக நீள்வதையும் அதிகமானால் தட்டையாக இழுத்துக்கொள்வதையும் கண்ணால் பார்த்துத் திருத்தி, அந்த எண்ணை வந்தடைந்திருப்பார்கள். இன்னும் உருண்டையாக வேண்டும் என்பவர்கள் முதலில் நான்கு சுற்றுக்கு ஒருமுறை மெதுவாகக் குறைத்து, பிறகு வேகத்தைக் கூட்டுவார்கள். மீதி வளைவை நூலின் நெகிழ்வு பார்த்துக்கொள்ளும்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அவருடைய வட்டச் சால்வைக்கே பை (π) சால்வை என்றுதான் பெயர். மையத்தில் தொடங்கி வெளியே வர வேண்டும். ஆரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் கண்ணிகளை ஒரேயடியாக இரண்டு மடங்காக்க வேண்டும். இடையில் கூட்டவே வேண்டாம். ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும், அவ்வளவுதான் தத்துவம். இடையில் வரும் சின்ன முரண்களைத் துணியின் இழுவை விழுங்கிவிடும். எவ்வளவு துணிச்சலான எளிமை!

தேவைக்குக் குறைவான கண்ணி போட்டால் துணி குவிந்து கவிமாடமாகிறது. சரியாகப் போட்டால் தட்டையாகிறது. தேவைக்கு மேல் போட்டால்? ஓரம் அலை அலையாக மடியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாட்வியப் பெண் டைனா டைமினா 1997-இல் குரோஷா ஊசியால் இப்படிக் கண்ணிகளைச் சீரான விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், ஹைபர்போலிக் தளம் என்ற கணிதப் பரப்பைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக்கினார். காகிதத்தில் அதுவரை செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோகும். நூல் கிழியாது.

குல்லாவை வாழ்க்கையின் நடுவில் வைத்திருக்கும் மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. பெரு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரியில் டக்கீலே என்றொரு தீவு இருக்கிறது. கெச்சுவா மொழி பேசும் ஊர். அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். மலைப்பாதையில் நடந்துகொண்டே பின்னும் ஆண்களைக் காணலாம். சுய்யோ எனப்படும் அந்தக் குல்லாவின் நிறத்தைப் பார்த்தே அணிந்திருப்பவர் யார் என்று சொல்லிவிடலாம்: மேல்பாதி வெள்ளையாக இருந்தால் கல்யாணமாகாதவர், முழுவதும் சிவப்பும் வண்ண உருவங்களுமாக இருந்தால் கல்யாணமானவர். இந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

அவர்கள் பின்னும் முறையை உற்றுப் பார்க்க வேண்டும். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அதனாலேயே இழுவிசையைச் சீராக வைத்துக்கொள்கிறார்கள். ஊசிகள் மிக மெல்லியவை. குல்லாவின் உட்புறம் தம்மைப் பார்த்திருக்கும்படி வைத்து, பர்ல் போட்டே பின்னுகிறார்கள். நம் பக்கத்தில் பலர் பர்ல் என்றாலே சலித்துக்கொள்வார்கள். டக்கீலேக்காரர் ஏன் அதையே தேர்ந்தெடுக்கிறார்? ஒரே சுற்றில் இரண்டு மூன்று நிற நூல்கள் ஓடும்போது, பயன்படாத நிறம் உட்புறமாகத்தான் கடந்து போக வேண்டும். உட்புறம் கண்ணெதிரே இருந்தால் அந்த நூல்கள் தொய்கின்றனவா, இழுபடுகின்றனவா என்று உடனுக்குடன் தெரியும். அப்படிக் கடந்துபோகும் நூல்களே உள்ளே இன்னோர் அடுக்காகி, குல்லாவைக் கெட்டியாக்குகின்றன.

பெண் கேட்கும் இளைஞனின் குல்லாவில் வருங்கால மாமனார் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பார், ஒழுகாமல் நின்றால்தான் நல்ல கை என்று அந்தத் தீவில் சொல்கிறார்கள். துளைகளே நிறைந்த பின்னலில் தண்ணீர் நிற்குமா? நிற்க முடியும். கம்பளி இழையின் மேல்தோலில் மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. அது தண்ணீரை ஒட்டவிடாது. துளை சிறிதாக இருந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை அதன் வாயில் ஒரு தோல்போல நின்று தடுக்கும். 10 செ.மீ. ஆழத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க, துளையின் அகலம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆக அந்த மாமனார் சோதிப்பது ஆயிரக்கணக்கான கண்ணிகளில் ஒன்றுகூடத் தளரவில்லை என்பதை. பொறுமையை அளக்க இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியவில்லை.

பழைய இங்கிலாந்தில் துளைகளை அடைக்க வேறு வழி கண்டார்கள். குல்லாவைப் பெரிதாகப் பின்னி, தண்ணீரில் போட்டு மிதித்துத் துவைத்து, கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்வரை சுருக்கினார்கள். கண்ணிகள் மறைந்து தடித்த கம்பளித் துணியாகிவிடும். இந்தத் தொழிலைக் காக்க 1571-இல் ஒரு சட்டமே வந்தது: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், உயர்குடியினர் போன்ற சிலர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளிக் குல்லா அணிய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். மக்கள் நாகரிகத்தைச் சட்டத்தால் கட்டிவைக்க முடியவில்லை. 1597-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

குல்லா எப்படிக் கதகதப்பு தருகிறது? உண்மையில் வெப்பத்தைத் தடுப்பது கம்பளி அல்ல, அதற்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது. ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி விட்டு நிற்கும். இழையின் மேல்தோல் தண்ணீரை விலக்கினாலும் உட்பகுதி நீராவியை உறிஞ்சும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரம் வரை உள்வாங்கும். அப்படி உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தித் துணி ஈரத்தில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும்போது கம்பளி கைவிடாதிருப்பது இதனால்தான்.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போய்விடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பெரியவர்களுக்கு அது சரியல்ல. உடலின் மொத்தப் பரப்பில் தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. இழப்பும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான். ஆனால் பிறந்த குழந்தையின் கணக்கு வேறு. அதன் உயரத்தில் கால் பங்கு தலை. உடல் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் அதற்கு இன்னும் வரவில்லை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், மருத்துவர் எட்கர் ரே சனப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அந்த முறையில் குழந்தையின் மேல் இருப்பவை டயப்பர், காலுறை, தலையில் ஒரு குல்லா.

அந்தக் குல்லாவுக்கான கணக்கை இனி நீங்களே போட்டுவிடலாம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. ரிப்பின் இழுவைக்குக் கொஞ்சம் குறைத்து 32 செ.மீ. என்று வைத்தால், மேலே சொன்ன அளவில் 64 கண்ணி. அதை எட்டாகப் பிரித்தால் பங்குக்கு எட்டு. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் குறைத்தால் ஏழு முறையில் 8 கண்ணி மிஞ்சும். நூலை அதற்குள் கோத்து இழுத்து மூடிவிட வேண்டும். அந்த 14 சுற்றுகளின் உயரம் 5 செ.மீ. 32-ஐ 2π-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே 5-தான் வருகிறது.