காணொளியில் கண்டதும் கேட்டதும்

கதிர்காமத்தில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியோரில் பலர், அடுத்த ஆலோசனையைக் கைப்பேசித் திரையில் பெற விரும்புகின்றனர். 2020 ஏப்ரலில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி புறநோயாளிச் சேவை தொடங்கியபின், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் வழி பொதுமக்களுக்குத் திறந்தது. பயணச் செலவும் காத்திருப்பும் குறைகின்றன. ஆயினும், "அரை மாத்திரை" என்று மருத்துவர் கூறியது "ஆறு மாத்திரை" எனக் காதில் விழுந்தால் என்னாகும்?

காணொளி உரையாடலின் தரத்தை எவ்வாறு அளக்கின்றனர்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கு நெறிமுறைகள் வகுத்துள்ளது. பயன்படுத்துவோரையே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச்செய்து, அவற்றின் சராசரியைக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். குரல் சென்றுசேரும் நேரம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பின் உரையாடல் பெரும்பாலும் இயல்பாக நிகழும். 400 மில்லி வினாடியைக் கடப்பது தவிர்க்கத்தக்கது. தாமதம் மிகுந்தால் ஒருவர் பேச்சின்மீது மற்றவர் பேசத் தொடங்குவர். தலையில் அணியும் கருவியில் நாற்புறமும் காட்சி சூழ்ந்து தோன்றும் காணொளியைச் சோதிக்கையில், படத்தெளிவோடு தலைசுற்றல், குமட்டல் உண்டா என்றும் வினவுகின்றனர்.

சராசரி மதிப்பெண் உயர்ந்திருந்தாலும், செவித்திறன் குறைந்த ஒரு பாட்டிக்கு அவ்வுரையாடல் பயன்படாது போகலாம். மருத்துவத்தில் உண்மையான அளவுகோல், நோயாளி எதைப் புரிந்துகொண்டார் என்பதே. ஆனால் "புரிந்ததா?" என்று மருத்துவர் கேட்டவுடன், மரியாதை கருதித் தலையசைத்து விடுகிறோம். கருவி செய்த பிழை அங்கேதான் மறைந்துபோகிறது.

ஆகவே, வாசகர்களிடம் நாங்கள் வேண்டுவன சில. சன்னலை நோக்கி, பகல் வெளிச்சம் முகத்தில் படும்படி அமருங்கள். மஞ்சள் விளக்கொளியில் தோலின் நிறமும் புண்ணின் நிறமும் மாறித் தோன்றும். மின்விசிறி, தொலைக்காட்சி ஓசையைத் தவிருங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை எழுதிக்கொண்டு, மருத்துவரிடம் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். உரையாடல் முடியுமுன் உறவினர் நோயாளியிடம் மூன்று வினாக்கள் கேட்கலாம்: மருத்துவரின் முகம் தெளிவாகத் தெரிந்ததா? சொற்கள் விடுபட்டனவா? சொல்ல எண்ணியது எதுவும் எஞ்சியுள்ளதா?

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, நோயாளி எந்நிலையிலும் காணொளி ஆலோசனையை நிறுத்திக்கொள்ளலாம். நேரில் வருமாறு மருத்துவரும் அழைக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்ற அவசர நிலைகளில் திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

"சரியாகக் கேட்கவில்லை, ஐயா, மீண்டும் சொல்லுங்கள்" என்பது அவமரியாதை அன்று, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.